பொய் வீடு

அவளுக்கு வீட்டிலும் வெளியிலும் ஒரே பெயர்தான்: சிஐடி. வைத்தவர் அவள் கணவர். பால் பாக்கெட் வாங்கினால் ஓரங்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், யாராவது ஊசி போட்டு உறிஞ்சியிருக்கிறார்களா என்று. பேருந்தில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். நான்காவது முறை, மூன்று முறை இழுத்ததில் பூட்டு தளர்ந்துவிட்டதோ என்று பார்ப்பாள். கணவருக்கு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவல் வேலை. "வாட்ச்மேன் வேலை எனக்கு, சந்தேகம் பூரா உனக்கு. ஆள மாத்தி எடுத்துட்டாங்க" என்பார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்துவிட்டால், எதிரே வீட்டையே தூக்கிக்கொண்டு போனாலும் கொட்டாவிதான் விடுவார்.

இப்படிப்பட்டவள் பிழைப்புக்குத் தேர்ந்தெடுத்தது எதை என்கிறீர்கள்? முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குள் போய்ச் சுத்தம் செய்கிற வேலை. கைபேசியில் ஓர் ஆப். எங்கோ யாரோ விரலால் தட்டினால் இவள் கையில் இருப்பது கூவும். அரை நிமிடத்துக்குள் 'சரி' என்று அழுத்த வேண்டும். அழுத்தினால் வேலை, அழுத்தாவிட்டால் ஒரு புள்ளி குறையும். கம்பெனி இவர்களை வேலைக்காரி என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'பார்ட்னர்' என்றுதான் சொல்லும். பங்காளியாம்! லாபத்தில் பங்கு உண்டா என்றால் அது மட்டும் கிடையாது. துடைக்கிற துணியையும் தேய்க்கிற திரவத்தையும் சொந்தக் காசில், அதுவும் கம்பெனியிடமே வாங்க வேண்டும். வழுக்கி விழுந்து கால் உடைந்தால் அந்தக் காலும் சொந்தக் கால்தான்.

ஆனாலும் நான்கு வருடமாக அந்த ஆப்பில்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. கணவரின் சம்பளம் வாடகையோடு மூச்சை விட்டுவிடும். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஒரு வருடம் பாக்கி. ஆப்பில் இவளுக்கென்று ஓர் எண் இருந்தது. ஐடி என்பார்கள். அது திறந்திருக்கும் வரை இவள் மனுஷி, பூட்டிவிட்டால் இவள் யாரோ.

அந்த ஐடி எப்படிப் பூட்டிக்கொள்ளும் என்பதை அவள் கண்ணாலேயே பார்த்திருந்தாள். இவர்கள் பகுதியில் ஜன்னல் அக்கா என்று ஒருத்தி இருந்தாள். எட்டாவது மாடி ஜன்னலையும் வெளிப்பக்கம் துடைத்துவிட்டு வருகிற ஆள். ஒரு வீட்டுக்காரர் வேலையைப் பார்த்து மெச்சி, "எதுக்கும்மா கம்பெனிக்குப் பாதி அழணும்? அடுத்த தடவை நேரா வந்துடு, நம்பர் குடு" என்றார். அக்கா கொடுத்தாள். அன்று மாலையே பூட்டு. வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசிக்கொள்வது விதிமீறலாம். அந்த வீட்டுக்காரர் வீட்டுக்காரரே இல்லை, கம்பெனி உட்காரவைத்த ஆள் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து இவர்களுக்குள் ஒரு பெயர் புழங்க ஆரம்பித்தது: பொய் வீடு. "நாளைக்கு ரெண்டு வேலை இருக்கு, ஒண்ணாவது பொய் வீடா இருக்குமோ என்னமோ" என்று பேருந்து நிறுத்தத்தில் பேசிக்கொள்வார்கள்.

மற்றவர்களுக்கு அது பயம். நம் சிஐடிக்கோ அது பிறவிப் பயன். இத்தனை நாள் பால் பாக்கெட்டில் வீணாகிக்கொண்டிருந்த சந்தேகத்துக்கு ஒழுங்கான ஒரு வேலை கிடைத்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சுவரில் குடும்பப் படம் இருக்கிறதா? செருப்புகள் ஒரே அளவா, வேறு வேறு அளவா? ஒரு பெரியவர் தண்ணீர் கொடுத்து, "எத்தனை பிள்ளைங்கம்மா உனக்கு?" என்று கேட்டார். "அதெல்லாம் ஆப்புல இருக்கும், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைத் தொடாமல் வைத்துவிட்டாள். பாவம், மனிதர் விழித்துக்கொண்டு நின்றார். 'வேலை சுத்தம், ஆள் சிடுமூஞ்சி' என்று எழுதி நான்கு நட்சத்திரம் போட்டார்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு நடுப்பகலில் அந்த வீடு வந்தது. இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவளுக்கு இவள் வயதுதான் இருக்கும். தாடையில் மிளகளவு மச்சம். உடுத்தியிருந்தது புதிது, கடையில் மடித்த தடம்கூடப் போகவில்லை. உள்ளே நுழைந்ததுமே சிஐடிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. குளிர்பதனப் பெட்டியைத் துடைக்கத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். குளியலறைச் சோப்பு உறை பிரியாமல் இருந்தது. சோப்புப் போடாமல் எந்த வீட்டம்மா குளிக்கிறாள்? கூடத்து மேசையில் ஒரு கைபேசி, திரை எரிந்தபடியே மல்லாந்து கிடந்தது.

'இது அதுதான்' என்று முடிவு கட்டிக்கொண்டு, வாயைப் பூட்டி, மூன்று மணி நேர வேலையை முடித்தாள். அந்தப் பெண் பேசவே இல்லை. இவள் பின்னாலேயே வந்து நின்று பார்ப்பதும், சமையலறைக்குப் போவதும், திரும்ப வருவதுமாக இருந்தாள். கடைசியில் இரண்டு கோப்பையில் டீ கொண்டுவந்து மேசைமேல் வைக்கும்போது ஒரு கோப்பை சரிந்து டீ கொட்டியது.

"இருங்க, நான் துடைக்கறேன்" என்று அந்தப் பெண்ணே துணியை எடுத்தாள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் துணியை எப்படி எடுப்பார்கள்? அள்ளிச் சுருட்டி ஒரே தேய். கம்பெனியில் முதல் மூன்று நாள் பயிற்சியில் அதைத்தான் ஒழிப்பார்கள். துணியைப் பாதியாக மடி, மறுபடியும் பாதியாக மடி. ஒரு முகத்தால் ஓர் இழுப்பு, திருப்பு, அடுத்த முகம், பிரி, மாற்றி மடி. ஒரு துணிக்கு எட்டு முகம், அழுக்கான முகம் இன்னோர் இடத்தைத் தொடக் கூடாது. 'எட்டா மடி' என்று பயிற்சிக்காரம்மா கத்தியது கனவிலும் கேட்கும். சிஐடி வீட்டில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாலும் அப்படித்தான் துடைப்பாள். "என்னையும் எட்டா மடிச்சு வெச்சிடாதே" என்பார் கணவர்.

அந்தப் பெண் மடித்தாள். பாதி. பிறகு பாதி. நிதானமாக ஓர் இழுப்பு, திருப்பி இன்னோர் இழுப்பு. பிரித்து, மாற்றி மடித்து, மறுபடி. அவசரமே இல்லை. துடைத்துக்கொண்டே சிஐடியின் முகத்தைப் பார்த்தாள். மேசை பளபளத்தது. பிறகு பாடம் ஒப்பிப்பதுபோல் கேட்டாள். "உங்க வேலை ரொம்பப் பிடிச்சிருக்கு. கம்பெனி எதுக்கு நடுவுல? அடுத்த தடவை நேரா வந்துடறீங்களா? உங்க நம்பர் குடுங்க."

சிஐடிக்கு உச்சந்தலை வரை ஏறியது. வீட்டுக்காரி வேஷம் போட்டிருப்பவள் நம்மைப்போல் துடைக்கிறவளா? நம்மில் ஒருத்தியே நம்மைப் பிடித்துக்கொடுக்க வந்து உட்கார்ந்திருக்கிறாளா? "நான் ஆப்புல மட்டும்தான் வருவேன்" என்று கைபேசிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். டீயைத் தொடவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எத்தனை பேர் கழுத்த அறுத்தாச்சு இதுவரைக்கும்?"

அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று வாடியது. பதில் சொல்ல வாயெடுத்தவள் கூடத்து மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லா இருக்கு உங்களுக்கு. அது போதும்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

'நக்கலைப் பார்' என்று முணுமுணுத்துக்கொண்டே சிஐடி படி இறங்கினாள்.

அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் அவள்தான் கதாநாயகி. சோப்பு உறையில் ஆரம்பித்துத் துணி மடிப்பு வரை சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேருந்துகள் போய்விட்டன. "ஐயோ, நானா இருந்தா நம்பரும் குடுத்து வீட்டு விலாசமும் குடுத்திருப்பேன்" என்றாள் ஒருத்தி. அந்தப் பாராட்டு போதாதென்று, இவர்கள் பகுதிப் பெண்கள் நூறு பேருக்கு மேல் இருக்கிற குழுவிலும் எழுதிப் போட்டாள்: 'தாடையில் மச்சம், நம்ம வயசு, துணிய எட்டா மடிப்பா, நம்மள மாதிரிதான் ஆனா நம்ம ஆள் இல்ல, ஜாக்கிரதை.' எழுதியதைத் தானே நான்கு முறை படித்துப் பார்த்துக்கொண்டாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று தோன்றியது. கைத்தட்டுகள் வந்து குவிந்தன. கணவருக்கும் வாசித்துக் காட்டினாள். அவர் பாதியில் தூங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் சந்தேகத்துக்குக் கடிவாளமே இல்லாமல் போயிற்று. ஆறு வாரம் கழித்து ஒரு வீட்டில், அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியை, "காலிங் பெல் வேலை செய்யல. நான் வெளிய போறேன், உள்ள பூட்டிக்குங்க. வந்ததும் கூப்பிடறேன், உங்க நம்பர் குடுங்க" என்றாள். அவள் வீட்டில் குடும்பப் படங்கள் இருந்தன. சோப்பு கரைந்து சிப்பியாகக் கிடந்தது. செருப்புகள் மூன்று அளவில் இருந்தன. எல்லாம் கண்ணில் பட்டது, மண்டையில்தான் ஏறவில்லை. 'நம்பர்' என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் நம் ஆளுக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

"யாரை மாட்டிவிடப் பாக்கறீங்க? உங்கள மாதிரி எத்தனை பேரப் பாத்திருக்கேன்" என்றாள்.

ஆசிரியை திகைத்துப் போனாள். பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால் தட்டத்தான் விரல் இருக்கிறதே. ஒரே ஒரு நட்சத்திரம். 'மரியாதை தெரியாதவர், வீட்டுக்குள் விடவே பயமாக இருக்கிறது.' ஏற்கெனவே சிடுமூஞ்சி என்று வாங்கிய புள்ளிகளோடு இதுவும் சேர, மறுநாள் காலை கைபேசியைத் திறந்தால் அவள் படத்தின்மேல் ஒரு சின்னப் பூட்டு. திரும்பத் திரும்பத் தட்டினாள். பூட்டு அசையவில்லை.

ஐந்து நாள் நடையாய் நடந்தபின் கம்பெனி அலுவலகத்தில் உள்ளே விட்டார்கள். மூன்றாவது மாடி, கண்ணாடிக் கதவு. அந்தக் கதவை எவளோ எட்டாக மடித்துத்தான் துடைத்திருக்கிறாள், ஒரு கோடு இல்லை. அதிகாரி எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். வழக்கம்போல் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நாலு வருஷமா இருக்கீங்க. உங்கள வெளிய அனுப்ப எங்களுக்கே மனசு வரல மேடம்" என்றார்.

"அப்ப திறந்து விடுங்க."

"திறக்கலாம். ஒரு சின்ன உதவி பண்ணணும்." அவர் குரலில் அப்படி ஒரு இனிப்பு. "நாங்க ஒரு வீடு குடுப்போம். மூணு நாள், மூணு பேர் வேலைக்கு வருவாங்க. நீங்க கஸ்டமர் மாதிரி உக்காந்திருங்க. வேலை முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்வி. நேரா வர்றியா, நம்பர் குடுன்னு. மேசை மேல போன் ஆன்லயே இருக்கும், நாங்க கேட்டுக்குவோம். மூணுல ஒருத்தர் குடுத்தாலே உங்க ஐடி திறந்துடும்."

"யாரும் குடுக்கலைன்னா?"

"குடுப்பாங்க மேடம். கஷ்டத்துல இருக்கறவங்களாப் பாத்துத்தான் அனுப்புவோம்."

சொன்னவர் கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. ஒரு தாளை நகர்த்தி வைத்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினார். "ஒண்ணு மட்டும் ரொம்ப முக்கியம். அங்க துணியத் தொடவே கூடாது. எது கொட்டினாலும் தொடாதீங்க. எட்டா மடிச்சுப் பழகின கை உங்களுக்கு. வர்றவங்க பாத்த உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. இத முதல் நாளே எல்லார்கிட்டயும் சொல்லி, எழுதிக் கையெழுத்தும் வாங்கிடறோம்."

அவள் கை தாளுக்கு மேலேயே நின்றுவிட்டது. "எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்."

"சொல்லியும் யாராவது மடிச்சிருக்காங்களா?"

அவர் சிரித்தார். "ஒருத்தங்க. அவங்க உக்காந்த மூணு நாளும் ஒருத்தரும் மாட்டல. ஏன்னு எங்களுக்கே புரியல. அப்புறம் உங்க பொண்ணுங்க குரூப்புல இருந்தே ஒருத்தர் இத எங்களுக்கு அனுப்பினாங்க." கைபேசியை எடுத்து வாசித்தார். "'தாடையில் மச்சம், நம்ம வயசு, துணிய எட்டா மடிப்பா, நம்மள மாதிரிதான் ஆனா நம்ம ஆள் இல்ல, ஜாக்கிரதை.' இத வெச்சுத்தான் பிடிச்சோம். அவங்களுக்கு இனி எந்த ஐடியும் கிடையாது. யார் எழுதினதுன்னு தெரியல, ஆனா நல்லா எழுதியிருக்காங்க."

சிஐடிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த டீ தானாகக் கொட்டவில்லை. அந்தக் கை பழக்கத்தில் தவறவில்லை. வாயால் சொன்னால் மேசைமேல் கிடக்கிற கைபேசி கேட்டுவிடும் என்று, கையால் சொல்லியிருக்கிறாள். நிதானமாக, முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். 'கண்ணு நல்லா இருக்கு உங்களுக்கு, அது போதும்.' அது நக்கலே இல்லை. இவளோ அவளை வாசலில் வைத்துக் கேட்டதும் போதாதென்று ஊருக்கே அடையாளம் சொல்லி, அந்த ஒரு பிழைப்பையும் தின்றுவிட்டாள். உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டவள், சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆளான தன்னை விட்டுவிட்டாள். அழ வேண்டும்போல் இருந்தது. இந்த ஆள் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். மூன்றில் ஒருத்தி, யாரோ ஒருத்தி. மகளுக்கு ஒரு வருடம்தான் பாக்கி. ஆனால் அந்த யாரோ ஒருத்தியாக சில வாரங்களுக்கு முன்னால் தானே நின்றது நினைவில் வந்து ஆசையை மிதித்தது. சரி, முடியாது என்று எழுந்து போய்விடலாமா? போகலாம். இந்த நாற்காலியில் நாளைக்கு இன்னொருத்தி உட்காருவாள். அவள் துணியை மடிப்பாள் என்று என்ன நிச்சயம்?

கையெழுத்துப் போட்டாள்.

கணவரிடம் அவள் எதையும் சொல்லவில்லை. குழுவிலும் எழுத முடியாது, அதில் ஒருத்தி அலுவலகத்துக்குச் செய்தி அனுப்புகிறாள். யார் அது? கைத்தட்டியவர்கள் பெயரை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாருமே அவளாகத் தெரிந்தார்கள். மச்சக்காரியின் வீடு எங்கே என்று விசாரிக்கவும் வழியில்லை, பெயர்கூடத் தெரியாது. "ஐடி திறந்துடுமா?" என்று கணவர் கேட்டார். அபூர்வமாக முழித்திருந்தார். "பாக்கலாம்" என்றாள். அவர் தட்டில் இருந்ததில் பாதியை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

கம்பெனி கொடுத்த வீடு வேறு தெருவில் இருந்தது. ஆனால் அதே வெற்றுச் சுவர், அதே உறை பிரியாத சோப்பு. முதல் நாள் வந்தவள் இளையவள். செருப்பு வாரைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தாள். வேலைக்கு நடுவே சமையலறையில் நின்று தணிந்த குரலில், "காய்ச்சல் இறங்குச்சா? மாத்திரை பாதி குடுங்க போதும்" என்று யாரிடமோ பேசினாள். கஷ்டத்தில் இருப்பவளைத்தான் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். சொன்ன சொல் தவறாதவர்கள்.

வேலை முடியும் நேரத்தில் சிஐடி டீ கொண்டுவந்தாள். கோப்பையைச் சாய்த்தாள். துணியை எடுத்தாள். பாதி. மறுபடி பாதி. ஓர் இழுப்பு, திருப்பி இன்னோர் இழுப்பு. இளையவள் முதலில் கவனிக்கவே இல்லை, தன் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பார், பார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. துணியைப் பிரித்து மாற்றி மடித்து இன்னொரு முறை முதலிலிருந்து துடைத்தாள். அப்போது அவள் நிமிர்ந்தாள். துணியைப் பார்த்தாள், கைகளைப் பார்த்தாள், மேசைமேல் எரிந்துகொண்டிருந்த கைபேசியைப் பார்த்தாள்.

"உன் வேலை ரொம்பப் பிடிச்சிருக்கு. நேரா வந்துடறியா? நம்பர் குடு" என்றாள் சிஐடி.

"இல்லைங்க. ஆப்புல மட்டும்தான் வருவேன்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு இளையவள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, ஆத்திரத்தில். "நீயும் துடைக்கறவதானே. உனக்கு வெக்கமா இல்ல?" என்றாள், உள்ளே கேட்காத குரலில்.

இருந்தது. அதைச் சொல்லத்தான் வழியில்லை.

"கண்ணு நல்லா இருக்கு உனக்கு. அது போதும்" என்றாள் சிஐடி.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். பொழுது சாய்வதற்குள் குழுவில் இவள் அடையாளமும் வந்துவிடும். வலது புருவத்தில் தழும்பு, எல்லாத்தையும் மொறைச்சு மொறைச்சுப் பார்ப்பா, துணிய எட்டா மடிப்பா, நம்மள மாதிரிதான் ஆனா நம்ம ஆள் இல்ல. கைத்தட்டுகளும் வரும். அது அலுவலகத்துக்குப் போகிறவரை இரண்டு நாளாவது கிடைத்தால் போதும், மூன்று பேரும் தப்பிவிடுவார்கள். அப்புறம் அந்தப் பூட்டு திறக்கவே திறக்காது. மகளிடம் என்ன சொல்வது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

துணியை அலசிப் பிழிந்து குழாய்மேல் காயப் போட்டாள். கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்துப் பூட்டினாள். நாளைக்கு வருகிறவளுக்கும் கண் நன்றாக இருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினாள்.